காதால் பார்த்த படம்

பார்க்காத ஒரு படத்தைப் பார்த்தேன் என்று சொல்லி, பெற்ற மகளின் கல்யாணத்தைக் கவிழ்க்க இருந்தவன் நான். யாரும் என்னைத் தூண்டிவிடவில்லை. மிரட்டவில்லை. நான் குடித்திருக்கவும் இல்லை, கேசரிதான் சாப்பிட்டிருந்தேன். முழுக்க முழுக்க சொந்தச் சரக்கு. இன்றைக்கு இதை உட்கார்ந்து நிதானமாக எழுத முடிகிறது என்றால் அது என் சாமர்த்தியம் இல்லை. எனக்குச் சாமர்த்தியம் இருந்திருந்தால் எழுதுவதற்கு ஒன்றும் இருந்திருக்காது.

மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள். அதே அலுவலகத்தில் திருமங்கலத்துப் பையன் ஒருவன். இரண்டு பேருக்கும் பிடித்துப்போய்விட்டது. எங்களுக்கும் மறுக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை. நான் தேடிப் பார்த்தேன், ஒரு அப்பன் என்ற முறையில் தேட வேண்டுமல்லவா. பாக்கி இருந்தது பையனுடைய அப்பா சொல்ல வேண்டிய ஒரு வார்த்தைதான். அவர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். பையன் என் மகளிடம் சொன்னானாம்: "எங்கப்பா சரின்னுட்டா எல்லாரும் சரின்னுருவாங்க. அவர் சரின்னு சொல்றதுதான் கொஞ்சம் கஷ்டம்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகள் ஊருக்கு வந்திருந்தபோது, பெண் பார்க்க என்று வாத்தியாரும் அவர் மனைவியும் மதுரைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பெண்கள் உள்ளே போய்விட்டார்கள். கூடத்தில் வாத்தியார், நான், என் மச்சினன் மூவரும் மிச்சம். மச்சினன் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறான். ஆணி, தாழ்ப்பாள் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுவான். வாத்தியாருக்குத் தாழ்ப்பாளில் ஆர்வம் இருந்ததாகத் தெரியவில்லை. கேசரியைக் கரண்டியால் ஓரத்தில் இருந்து வரிசையாக வெட்டிச் சாப்பிட்டார். முகத்தில் ஒரு அசைவு கிடையாது. மின்விசிறிச் சத்தம் பெரிதாகக் கேட்க ஆரம்பித்தது. எனக்கு மின்விசிறிச் சத்தம் கேட்டாலே வாய் பரபரக்கும்.

அவரே ஆரம்பித்தார்.

"பழைய காமெடிப் படமெல்லாம் பார்ப்பீங்களா சார்?"

"அதுதான் சார் நமக்கு உசுரு" என்றேன்.

ஒரு படத்தின் பேரைச் சொன்னார். கஞ்ச மிராசுதார் ஒருவரும், அவருடைய ஒரே சமையல்காரனும் அடிக்கிற கூத்து. நான் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டேன்.

"அட, அந்தப் படமா! தரை டிக்கெட்டுல உட்கார்ந்து பார்த்தது சார். எத்தனை தடவைன்னு கணக்கே இல்ல."

ஒரு கணக்கு வாத்தியாரிடம் கணக்கே இல்லை என்று சொல்லியிருக்கக் கூடாது. அதோடு நிறுத்தியிருந்தாலாவது பரவாயில்லை. மச்சினனைப் பார்த்தேன். அவனுக்குத் தெரியும். எங்கள் வீட்டு விசேஷம் எதுவானாலும் கடைசியில் அந்தக் காட்சியை நான் நடித்துக் காட்டுவேன், மிராசுதார் இடத்தில் அவன் வந்து நிற்பான். அவனும் கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தான், பாவம்.

இருட்டில் மிராசுதார் கேட்பார்: "யாருடா அங்க?" சமையல்காரன்: "நான்தாங்க." "நான்னா யாரு?" "நீங்க இல்லைங்க, நான்." உடனே ஒரு பளார். சமையல்காரன் மிராசுதாருக்கு விடுகிற அறை. அதற்கப்புறம் மிராசுதார் குரல் மெதுவாக வரும்: "இப்பத் திருப்தியா?"

மச்சினன் கன்னத்தில் கொஞ்சம் பலமாகவே விழுந்துவிட்டது. வந்திருப்பது பெரிய இடம் அல்லவா, கை தன்னால் வேகம் எடுத்துவிட்டது.

வாத்தியார் சிரிக்கவில்லை. "அந்த இடத்துல அறையுறானா?" என்றார்.

"அறைன்னா எம்புட்டுப் பெரிய அறை சார்! மிராசுதார் கன்னம் செக்கச்செவேல்னு சிவந்து போகும்."

"அது கருப்பு வெள்ளைப் படம்."

"கருப்பு வெள்ளையிலயே சிவப்பாத் தெரியும் சார். அம்புட்டு அறை."

அவர் கடைசித் துண்டுக் கேசரியைச் சாப்பிட்டு முடித்துக் கரண்டியைத் தட்டில் நேராக வைத்தார். "அந்தப் படத்தோட பிரிண்டே எங்கயும் இல்லைன்னாங்க. இப்ப எங்கிருந்தோ பழைய பிலிம் கிடைச்சு, கீறலெல்லாம் எடுத்து, சுத்தம் பண்ணி, புதுசா டிஸ்க் போட்டிருக்காங்க. வாங்கி வச்சிருக்கேன். எங்க வீட்டைப் பார்க்க வருவீங்கள்ல, அன்னைக்குச் சேர்ந்து பார்த்துருவோம். மத்ததை அதுக்கப்புறம் பேசிக்கலாம்."

தட்டில் மிச்சமிருந்த என் கேசரியைத் தள்ளி வைத்தேன்.

விஷயம் என்னவென்றால், அந்தப் படத்தை நான் பார்த்ததில்லை. ஒரு காட்சி, ஒரு போஸ்டர்கூடப் பார்த்ததில்லை. கேட்டிருக்கிறேன். சின்ன வயசில் திருவாதவூர்ப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குத் திருவிழாவுக்குப் போவோம். மைக்செட்காரர் வேப்பமரத்தில் கூம்பு ஸ்பீக்கரைக் கட்டி, படத்தின் கதை வசனத்தை முழுசாகப் போட்டுவிடுவார். ஊர் பூராவும் கேட்கும். மாடு கேட்கும், கோழி கேட்கும், நானும் கேட்பேன். வருசா வருசம் அதே படம். வசனம் ஒரு எழுத்துப் பிசகாமல் மனப்பாடம். படத்தில் யார் எங்கே நிற்கிறார், எப்படி இருப்பார், என்ன செய்கிறார் என்பதெல்லாம் என் சொந்தத் தயாரிப்பு. கேட்கக் கேட்க அதெல்லாம் கண்ணில் பார்த்த மாதிரியே ஆகிவிட்டது. கல்யாணமான புதிதில் மனைவியிடம் பார்த்ததாகச் சொன்னேன். அதன் பிறகு எல்லோரிடமும். கடைசியில் எனக்கே சந்தேகம் வராத அளவுக்குப் பார்த்துவிட்டேன்.

சாயங்காலம் சென்னை பஸ்ஸுக்கு மாட்டுத்தாவணியில் நிற்கும்போது மகள் என்னை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"அப்பா, அவங்க அப்பாகிட்ட எதுவும் சவடால் விடலையே?"

"சேச்சே. சினிமா பத்திப் பேசிக்கிட்டிருந்தோம்."

"மாமா கன்னம் ஏன் வீங்கியிருக்கு?"

பிறகு அவள் சொன்னாள். பையனுடைய அண்ணனுக்கு முதலில் ஒரு இடம் பார்த்தார்களாம். பெண்ணின் அப்பா தினமும் விடியக்காலையில் தெப்பக்குளத்தைச் சுற்றி நடப்பதாகச் சொல்லியிருக்கிறார். வாத்தியார் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாராம். மறுநாள் விடிவதற்கு முன்னால் திருமங்கலத்திலிருந்து பஸ் ஏறி வந்து தெப்பக்குளத்துப் படியில் உட்கார்ந்துவிட்டார். வெயில் ஏறுகிற வரைக்கும் இருந்தார். ஆள் வரவில்லை. அந்தச் சம்பந்தம் அன்றோடு சரி. நடக்காததற்காக இல்லை, பொய்க்காக. விடை வந்தபிறகு திரும்பப் போட்டுச் சரிபார்க்கிற ஆள்.

"எனக்கு இந்த இடம் வேணும்பா" என்றாள் மகள். அவ்வளவுதான் சொன்னாள். பஸ் வந்தது, ஏறிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து செல்போனில் அந்தப் படத்தைத் தேடினேன். யாரோ ஒரு புண்ணியவான் போட்டிருந்தார். ஆவலாகத் திறந்தால், ஆடாமல் அசையாமல் ஒரு சூரியகாந்திப் பூ. பின்னால் வசனம் மட்டும். எனக்குத் தெரிந்த அதே வசனம். படம் முடிகிற வரைக்கும் சூரியகாந்தியையே பார்த்துக்கொண்டிருந்தேன், எங்காவது மிராசுதார் எட்டிப் பார்ப்பாரா என்று. அந்த டிஸ்க்கை மதுரையில் தேடிப் போனால், "டிஸ்க்கா? அதெல்லாம் இப்ப யாருண்ணே வாங்குறா?" என்று கடைக்காரர் என்னை அருங்காட்சியகத்துக்கு அனுப்புகிற பார்வை பார்த்தார்.

வேறு வழியில்லாமல் மனைவியிடம் உள்ளதை ஒத்துக்கொண்டேன். அவள் சொன்னாள்: "போன் போட்டு உண்மையைச் சொல்லிருங்க."

"சொன்னா, நம்ம தம்பிய எதுக்கு அறைஞ்சேன்னு கேப்பாரே?"

"அது உங்க தம்பி இல்ல, என் தம்பி. அங்க வந்து நீங்க வாயைத் திறக்காதீங்க. காப்பி குடிக்க மட்டும் திறங்க."

மச்சினன் போன் பண்ணினான். "மாமா, நானும் வாரேன்."

"நீ எதுக்கு மாப்ள?"

"இம்புட்டு வருசமா அதுல நடிச்சிருக்கேன். படத்தைப் பார்க்க வேண்டாமா?"

அவனும் என்னை நம்பியிருந்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

திருமங்கலத்தில் வாத்தியார் வீடு கச்சிதமான வீடு. மாப்பிள்ளை வீட்டைப் பார்க்கப் போனால் எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் முடிவாகும் வரை அங்கே கை நனைக்க மாட்டார்கள். காப்பி, பலகாரத்தோடு சரி. முடிவாகிவிட்டால்தான் இலை போட்டுச் சாப்பாடு. உள்ளே நுழைந்ததுமே குக்கர் விசில் கேட்டது. அவர்கள் தங்களுக்குச் சமைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மனைவி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வாத்தியார் மனைவியோடு அடுப்படிக்குப் போய்விட்டாள். கடைசி நம்பிக்கையும் உள்ளே போனது.

கூடத்துச் சுவரில் அலமாரி. அதில் டிஸ்க் பெட்டிகள், முதுகு தெரிய, வருச வரிசையில். எல்லாம் பழைய நகைச்சுவைப் படங்கள். வாத்தியார் ஒன்றை எடுத்துத் திறந்தார். டிஸ்க்கை விளிம்பில் மட்டும் பிடித்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, ஒரு மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைத்தார்.

"வட்டமாத் துடைக்கக் கூடாது சார். கீறல் விழுந்துச்சுன்னா போச்சு."

"ஆமா சார், வட்டம் கூடவே கூடாது" என்றேன். வாயைத் திறக்கக் கூடாது என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

படத்துக்கு முன்னால், சுத்தம் செய்ததைக் காட்ட ஒரு சின்னத் துண்டு வந்தது. திரையை இரண்டாகப் பிரித்து, இடது பக்கம் பழைய பிலிம், வலது பக்கம் புதுசு. இடது பக்கம் கோடு கோடாக இறங்கியது.

"இந்தப் பக்கம் மட்டும் மழை பெய்யுது" என்றான் மச்சினன்.

"அது கீறல்" என்றார் வாத்தியார்.

நானும் மழை என்றுதான் நினைத்திருந்தேன். முந்திக்கொண்ட மச்சினனை மனசுக்குள் வாழ்த்தினேன்.

என்னிடம் ஒரு திட்டம் இருந்தது. வாத்தியார் சிரிக்கும்போது சிரிப்பது. ஒரு மூச்சு தள்ளிப் போனாலும் சேர்ந்து சிரித்த மாதிரியே இருக்கும். படம் ஆரம்பித்தது. வாத்தியார் மடியில் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார். ஒரு வேடிக்கை போனது. சிரிக்கவில்லை. இன்னொன்று. சிரிக்கவில்லை. கஞ்ச மிராசுதார் விளக்கை ஊதி அணைத்துவிட்டு அந்தப் புகையில் பீடி பற்றவைக்கப் பார்த்தார். வாத்தியார் முகம் கல்வெட்டு மாதிரி இருந்தது. என் திட்டம் அங்கேயே படுத்துவிட்டது.

அதனால் அடுத்த வித்தைக்குப் போனேன். வசனத்தை முன்கூட்டியே முணுமுணுப்பது. இதில் என்னை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. திரையில் வாய் திறப்பதற்கு ஒரு சொல் முன்னால் என் உதடு சொல்லிவிடும். வாத்தியார் திரும்பிப் பார்த்தார். புருவம் கொஞ்சம் ஏறியது. ஆஹா, விழுந்துட்டார்யா என்று தெம்பு வந்தது. குரலைக் கொஞ்சம் உயர்த்தினேன். மிராசுதார் கத்தினார்: "எங்கடா போயிட்டான் அவன்?" அவரோடு சேர்ந்து நானும் கத்தினேன். அவர் அங்கே நிறுத்திவிட்டார். எனக்கு நிற்கவில்லை.

"அம்மாவைக் காணாமல் அழுதுகொண்டிருக்கும் சிறுவன் மைக்செட் அருகே நிற்கிறான். பெற்றோர் உடனே வந்து அழைத்துச் செல்லவும்."

திரையில் மிராசுதார்கூடச் சும்மா நின்றிருந்தார்.

ஒரு வருசத் திருவிழாவில், சரியாக அந்த வசனத்தின்போது மைக்செட்காரர் படத்தை நிறுத்திவிட்டு அறிவிப்புக் கொடுத்தார். அன்றிலிருந்து என் மண்டையில் மிராசுதாரின் கேள்விக்கு அந்தப் பையன்தான் பதில்.

"அது யாரு சார் பையன்?" என்றார் வாத்தியார்.

"அது... பின்னாடி வருவான் சார்."

அவர் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார். என் முதுகில் வேர்வை இறங்கியது. மகள் பஸ் படியில் ஏறிய முதுகு கண்ணில் வந்தது. பேசாமல் இருடா, இனிமேல் பேசாமல் இரு என்று சொல்லிக்கொண்டேன். பேசாமல் இருந்தால் தப்பித்துவிடலாம். அடுத்து வருவது வெறும் வயலின். எனக்குத் தெரியும். அந்த இடத்தில் வசனமே கிடையாது, வெகு நேரத்துக்கு வயலின் இழுக்கும். மைக்செட்காரர் சாப்பிடப் போகிற நேரத்துக்கென்றே வைத்திருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

வயலின் வந்தது. கூடவே படமும் வந்தது.

மிராசுதாரும் சமையல்காரனும் ஒரு கட்டிலை வாசல் வழியாக உள்ளே கொண்டு போகிறார்கள். கட்டில் அகலம், வாசல் குறுகல். சாய்க்கிறார்கள். திருப்புகிறார்கள். மிராசுதார் கட்டிலுக்கும் நிலைக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறார். சமையல்காரன் அவரை விடுவிக்கக் கட்டிலைத் தள்ளினால் அவர் இன்னும் உள்ளே போகிறார். யோசித்துவிட்டு அவன் கட்டிலிலேயே ஏறிப் படுத்துக்கொள்கிறான். மிராசுதாரின் தலை மட்டும் வெளியே. அந்தத் தலையில் அவன் தன் துண்டை மடித்துத் தொங்கவிடுகிறான். ஒரு வார்த்தை கிடையாது. இத்தனை வருசமாக எனக்கு வெறும் வயலினாக இருந்தது இதுவா!

சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அடக்கினேன், மூக்கு வழியாக வந்தது. வாயைப் பொத்தினேன், காது வழியாக வரும்போல் இருந்தது. பலமுறை பார்த்தவன் சிரிக்கிற சிரிப்பா அது? தலையில் துண்டு விழுவதற்கு முன்பு சிரிக்காமல், விழுந்த பிறகு வெடித்துச் சிரிக்கிறவன் அதை முதல் தடவை பார்க்கிறான் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். வாத்தியார் திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்வதற்குள் அந்தக் காட்சி வந்துவிட்டது. "யாருடா அங்க?" "நான்தாங்க." பழக்கதோஷத்தில் மச்சினன் கையைத் தூக்கித் தன் கன்னத்தை மூடிக்கொண்டான்.

பளார்.

அறையே இல்லை. மிராசுதாரின் ஒரே வேட்டியைச் சமையல்காரன் கிணற்றடிக் கல்லில் அடித்துத் துவைக்கிறான். மிராசுதார் இடுப்பில் ஒரு சாக்கைச் சுற்றிக்கொண்டு கதவுக்குப் பின்னால் நிற்கிறார். வேட்டி ஒவ்வொரு முறை கல்லில் விழும்போதும் தன் மேலேயே விழுந்த மாதிரி துள்ளுகிறார். வேட்டி கிழிகிறது. "இப்பத் திருப்தியா?"

மச்சினன் கன்னத்திலிருந்து கையை மெதுவாக எடுத்தான்.

"மாமா, அறை எங்க?"

நான் திரையையே பார்த்தேன்.

"வேட்டி துவைக்கிறதுக்கா மாமா இம்புட்டு வருசமா என் கன்னம் வாங்குச்சு?"

வாத்தியார் ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினார். சாக்குக் கட்டிய மிராசுதார் வாயைத் திறந்தபடி உறைந்து நின்றார். பார்ப்பதற்கு என்னைப் போலவே இருந்தார். அடுப்படி வாசலில் என் மனைவி வந்து நிற்பது தெரிந்தது.

"சார், இந்தப் படத்தை நீங்க பார்த்ததே இல்ல. அப்படித்தானே?"

உள்ளதைச் சொல்கிறேன், அந்த நேரத்திலும் என் நாக்கு நுனியில் ஒரு பொய் தயாராக இருந்தது. மதுரைத் தியேட்டரில் வேறு பிரிண்ட் ஓட்டினார்கள், அதில் அறை உண்டு என்று. நல்ல பொய். ஆனால் இந்த மனுசன் அந்தத் தியேட்டரைத் தேடி விடியக்காலை பஸ் ஏறிவிடுவார்.

"இல்ல சார்" என்றேன். "பார்த்ததில்ல. கேட்டிருக்கேன்."

"கேட்டீங்கன்னா?"

சொன்னேன். திருவாதவூர், வேப்பமரம், கூம்பு ஸ்பீக்கர், சூரியகாந்திப் பூ வரைக்கும் மூச்சுவிடாமல் சொன்னேன். "எம் பிள்ளைக்கு இதுல சம்பந்தமே இல்ல சார். அது பொய் சொல்லாது. அது அவங்கம்மா மாதிரி."

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றினார். செய்தித்தாளின் ஓரத்தால் துடைத்தார், அதையும் நடுவிலிருந்து ஓரத்துக்கு. வெகு நேரம் துடைத்தார்.

"அந்தத் தொலைஞ்சு போன பையன்?"

"திருவிழாவுல அறிவிச்சது சார்."

"பையன் கிடைச்சானா?"

நான் இதை எதிர்பார்க்கவில்லை. "கிடைச்சிட்டான் சார். அடுத்த அறிவிப்புக்குள்ள அவங்கம்மா வந்துட்டாங்க."

அப்போதுதான் பார்த்தேன். அவர் மடியில் இருந்த செய்தித்தாள் ஆடிக்கொண்டிருந்தது. முகம் அதே கல்வெட்டு. கீழே வயிறு குலுங்குகிறது, தாள் படபடக்கிறது.

"அவருக்கு வயிறு மட்டுந்தான் சிரிக்கும்" என்றார் வாத்தியார் மனைவி, என் மனைவிக்குப் பின்னாலிருந்து. "முகம் சிரிச்சு நானே பார்த்ததில்ல. அதுக்குத்தான் பேப்பர வச்சுக்கிறது."

ஆக, படம் ஆரம்பித்ததிலிருந்து மனுசன் சிரித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். நான்தான் தப்பான இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தெப்பக்குளத்து ஆள்கிட்ட நான் நேராப் போயிக் கேட்டேன்" என்றார் வாத்தியார், கண்ணாடியை மாட்டிக்கொண்டு. "அப்பவும் அவரு, நான் அந்தக் கரையில நடந்தேன், நீங்க இந்தக் கரையில இருந்தீங்கன்னு சொன்னாரு. நாலு கரையும் கண்ணுக்குத் தெரியிற குளம் சார் அது. நீங்க கேட்டதும் ஒத்துக்கிட்டீங்க. வசனத்துல ஒரு எழுத்துத் தப்பு இல்ல. ஸ்டெப்பெல்லாம் சரியாத்தான் போட்டிருக்கீங்க. விடைதான் தப்பு. பாஸ் பண்ணலாம்."

ரிமோட்டை அழுத்தினார். படம் முதலிலிருந்து ஓட ஆரம்பித்தது.

"சார்" என்றேன். "அப்ப நம்ம பிள்ளைக விசயம்..."

"படத்தைப் பாருங்க சம்மந்தி."

மச்சினன் என் தொடையைப் பிடித்துக் கிள்ளினான். "மாமா, சம்மந்தின்னுட்டாரு!"

"கேட்டுச்சுடா. பேசாம இரு."

அந்த நாற்காலிக்குச் சாய்மானம் இருந்தது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதுவரை நுனியில் உட்கார்ந்திருந்தேன் போல. சாய்ந்தேன். முதுகுச் சட்டை ஈரமாக ஒட்டியது. நல்லவேளை, எல்லோரும் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாம் முறை, பயமில்லாமல் பார்த்தேன். குதிரை ஓடுகிற சத்தம் என்று நான் நம்பிவந்தது, மிராசுதார் மரச் செருப்பில் நடக்கிற சத்தம். அழுகிற பெண் என்று நான் பரிதாபப்பட்டது, புடவை கட்டிக்கொண்டு வந்த சமையல்காரன். என்னுடைய படத்தில் மிராசுதாருக்குப் பெரிய மீசை இருந்தது; இவருக்கு மீசையே இல்லை. சுத்தம் செய்த பிலிமில் அவர் மேலுதட்டு வேர்வைகூடத் துல்லியமாகத் தெரிந்தது. ஒவ்வொன்றுக்கும் நானும் மச்சினனும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து சிரித்தோம். கட்டில் வந்தபோது வாத்தியார் படத்தைப் பார்க்காமல் எங்களைப் பார்த்தார். செய்தித்தாள் மடியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. அவர் எடுக்கவில்லை.

"நான் எத்தனையோ தடவை பார்த்தாச்சு" என்றார். "உங்களைப் பார்க்கிறது புதுசா இருக்கு."

"இலை போடவா?" என்று உள்ளேயிருந்து கேட்டார் வாத்தியார் மனைவி.

"இப்பத்தானே பேசி முடிச்சோம், அதுக்குள்ள சமையலா?" என்றேன்.

"நல்லாப் பேசி முடிச்சீக. நீங்க வர்றதுக்கு முன்னாடியே எல்லாருக்கும் சேர்த்து உலை வச்சாச்சு. பருப்பு வேகும்போது நாங்க ரெண்டு பேரும் காலண்டரையும் பார்த்தாச்சு. நீங்கதான் இன்னும் படம் பார்த்துக்கிட்டிருக்கீக."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் இலையைத் தண்ணீர் தெளித்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை, ஆனால் தோள் லேசாக இறங்கியிருந்தது. காலையிலிருந்து அவளும் என்னைப் போலவே நுனியில் உட்கார்ந்திருந்தவள்தான். எனக்கு முன்னாலேயே சாய்ந்துவிட்டாள், அவ்வளவுதான்.

சாப்பிட்டேன். வாழ்க்கையில் ஒரு சாம்பாரை அப்படிச் சாப்பிட்டதில்லை. கையை நன்றாக, மணிக்கட்டு வரைக்கும் நனைத்தேன். இனி யாரும் பின்வாங்க முடியாதபடி. கிளம்பும்போது வாத்தியார் அந்த டிஸ்க்கை என் கையில் கொடுத்தார். எங்கள் வீட்டில் அதைப் போட மிஷின் கிடையாது என்று சொல்ல வாயெடுத்தேன். மனைவி முழங்கையால் இடித்தாள். வாங்கிக்கொண்டேன், விளிம்பில் பிடித்து.

மாட்டுத்தாவணி பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. பக்கத்தில் மனைவி, பின் சீட்டில் மச்சினன். அவன் கன்னத்தைத் தடவிக்கொண்டே "வேட்டி மாமா, வேட்டி" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தான். காற்று முகத்தில் அடித்தது. சிரிக்க வேண்டும்போலவும் தூங்க வேண்டும்போலவும் இருந்தது. செல்போன் அடித்தது. மகள்.

"என்னப்பா ஆச்சு? சரின்னாங்களா?"

"சரின்னுட்டாரும்மா! சம்மந்தின்னே கூப்பிட்டுட்டாரு!"

"தேதி வச்சாச்சாப்பா? எப்ப?"

"தேதியா? அது உள்ள பேசினாங்கம்மா. அதை விடு, நான் சொல்றதக் கேளு. ஒரு கட்டில வாசல் வழியா உள்ள கொண்டு போறாங்கம்மா, போகமாட்டேங்குது. அந்த மிராசுதாரு நடுவுல மாட்டிக்கிறாரு, தலை மட்டும் வெளிய நிக்கிது, இந்தச் சமையல்காரன் என்ன பண்றான்னா—"

"போன அம்மாகிட்ட குடுங்கப்பா."